பத்து விரல், இரண்டு ஹெலிகாப்டர்

சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், ஆள்காட்டி விரல் என்று ஒவ்வொன்றாகக் கட்டைவிரலில் தட்டிக்கொண்டே வருகிறாள் வீபெகெ. இடது கை முடிந்ததும் வலது கை. ஒன்றரை மீட்டர் நீளமுள்ள அவளுடைய மாதிரி ஹெலிகாப்டர் இப்போதுதான் தரையைத் தொட்டிருக்கிறது. இறக்கைகள் இன்னும் முழுதாக நிற்கவில்லை. சைலன்சரிலிருந்து நீலப் புகை கிளம்பி, விளக்கெண்ணெய் வாசனையோடு புல்வெளியைத் தாண்டிப் போகிறது. தட்டி முடித்ததும், “எல்லாரும் வந்தாச்சு!” என்று உரக்கச் சொல்கிறாள். எல்லாரும் என்றால் அவளுடைய பத்து விரல்கள். மாதிரி விமானக் கிளப்பில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. புதிதாக வருகிறவர்கள் மட்டும் யார் வந்தார்கள் என்று சாலைப் பக்கம் எட்டிப் பார்ப்பார்கள்.

அந்த விரல்கள்தான் அவளுக்குப் பிழைப்பு. வயது ஐம்பத்தேழு. லெம்விக் நகரத்துக்கு மேற்கே இரண்டு கிராமத் தேவாலயங்களில் இருபத்தாறு வருடமாக ஆர்கன் வாசிக்கிறாள். ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒன்றில், மாலை ஐந்து மணிக்கு இன்னொன்றில். நடுவில் கிடைக்கிற நேரம் ஹெலிகாப்டருக்கு. உடை மாற்றப் பொறுமை கிடையாது. மற்றவர்கள் ரப்பர் பூட்ஸோடு நிற்கும் புல்வெளியில், இவள் ஆர்கன் மிதிகளுக்கென்று வாங்கிய மெல்லிய தோல் காலணியோடு குதித்துக் குதித்து நடக்கிறாள். கோடையிலும் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. கல் கட்டடத்தில் உட்கார்ந்து வாசித்தே குளிர் உடம்பில் ஊறிவிட்டது என்பாள். காற்று அசையாத ஞாயிற்றுக்கிழமைகளில் கடைசிப் பாட்டு மட்டும் ஓட்டமாக ஓடுகிறது என்று போதகர் ஒருமுறை குறைபட்டுக்கொண்டார். “காத்து மறுபடி எப்ப கிளம்பும்னு கடவுளுக்குத்தான் தெரியும். அவர் என்கிட்ட சொல்ல மாட்டேங்கறாரே!” என்று பதில் சொன்னாள்.

இந்தப் பைத்தியம் அவளைப் பிடித்தது ஒரு கல்யாணத்தில். மணமக்கள் வெளியேறும்போது வாசிக்கிற பாட்டு. திறந்த கதவு வழியாக எங்கிருந்தோ ஒரு ரீங்காரம் உள்ளே வந்து அவள் வாசித்துக்கொண்டிருந்த சுருதியோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு நிமிடம் இரண்டும் சேர்ந்தே ஒலித்தன. பிறகு அது அரைச் சுருதி ஏறியது. இவளுக்குப் பொறுக்கவில்லை. விருந்தினர்கள் அரிசி வீசிக்கொண்டிருக்கும்போதே, கல்லறைத் தோட்டத்துச் சுவரைத் தாண்டி, பார்லி வயல் ஓரமாக ஓடினாள். அங்கே ஓர் ஆள் கழுத்தில் ரிமோட்டை மாட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்து நின்றான். அவனிடம் பெயரைக் கேட்கவில்லை. “ஏன் சுருதி ஏறுச்சு?” என்றுதான் கேட்டாள். எரிபொருள் குறைந்தால் எஞ்சின் அப்படித்தான் கத்தும் என்றான். அடுத்த மாதம் அவளிடம் சொந்தமாக ஒன்று இருந்தது.

அவள் காதைக் கிளப்பே நம்புகிறது. எஞ்சினுக்குப் போகும் எரிபொருளைக் கூட்டவும் குறைக்கவும் ஊசி மாதிரி ஒரு திருகாணி உண்டு. மற்றவர்கள் வெப்பமானியை வைத்துப் பார்த்துத் திருகுவார்கள். வீபெகெ கண்ணை மூடிக்கொள்வாள். “வறட்டு வறட்டுன்னு பாடுது, தொண்டைக்குக் கொஞ்சம் ஊத்து” என்பாள். திருகாணி இரண்டு சொடுக்கு திரும்பும். எஞ்சின் குரல் கனத்து இறங்கும். அவள் சொல்லி ஒரு எஞ்சினும் வெந்துபோனதில்லை.

கிளப்பின் பாதுகாப்புப் பொறுப்பும் அவளுடையது. ஆரஞ்சு நிற மேற்சட்டை, கழுத்தில் ஊதல், இரண்டு வாளித் தண்ணீர், பஞ்சும் கட்டுத்துணியும் நிரம்பிய ஒரு பிஸ்கட் டப்பா. யாராவது இறக்கை நிற்பதற்குள் ஹெலிகாப்டரை நெருங்கினால் ஊதல் கிழியும். “அது விசிறி இல்லப்பா, கத்தி! நிமிஷத்துக்கு ரெண்டாயிரம் தரம் வெட்டுற கத்தி!” ஆனாலும் தன்னுடைய ஹெலிகாப்டரைப் பற்றிப் பேச வந்தால் குரல் குழைந்துவிடும். “என்னுது சொல்லிட்டுத்தான் வரும். சத்தம் போடும், புகை விடும், நாறும். உயிரோட இருக்குன்னு குருடனுக்கும் தெரியும். அந்தப் பேட்டரி வண்டி இருக்கே, பூனை மாதிரி. மடியில படுத்திருக்கும். எப்ப முழிக்கும், எப்ப பிறாண்டும்னு சொல்லாது.”

பேட்டரி வண்டி என்று அவள் சொல்வது தோர்பெனின் மின்சார ஹெலிகாப்டரை. தோர்பென் கிளப்பின் தலைவன். நாற்பத்தொரு வயது, வாரநாட்களில் காற்றாலைக் கோபுரங்களில் ஏறிப் பழுது பார்க்கிற வேலை. சட்டையில் ஒரு கறை இருக்காது. அவனுடைய பேட்டரிகள் மணல் நிரப்பிய இரும்புப் பெட்டியில் வரிசையாகத் தூங்கும், ஒன்றுக்கொன்று இடித்துக்கொள்ளாமல். அவற்றில் ஒன்று வீங்கினால் நெருப்பு கக்கும் என்று வீபெகெ அந்தப் பெட்டிக்கு ஐந்தடி தள்ளித்தான் காப்பி குடிப்பாள். ஒவ்வொரு ஞாயிறும் வந்ததும் முதல் விசாரிப்பு அதுதான்.

“என்ன தோர்பென், இன்னிக்கு யாருக்கு வயிறு உப்பியிருக்கு?”

“யாருக்கும் இல்ல. உன் மிஷின்தான் மீன் பொரிக்கிற கடை மாதிரி நாறுது. மூக்கைப் பொத்திக்கிட்டு நிக்கிறேன்.”

“மூக்கைப் பொத்தாத கை சும்மாதானே இருக்கு? காப்பி ஊத்து.”

பதினைந்து வருடமாக இப்படித்தான். இந்த ஜூலையில்தான் விளையாட்டு வினையானது.

ஏழு வாரமாக மழை இல்லை. கோடைக் கொண்டாட்டத்துக் கடற்கரைத் தீயைக்கூட மூட்டக் கூடாது என்று ஊராட்சி தடை போட்டுவிட்டது. விறகுக் குவியலைச் சுற்றி நின்று, பற்ற வைக்காமலே பாடிவிட்டு வந்தார்கள். கிளப்பின் புல்வெளி பன்றிப் பண்ணைக்காரர் ஐவினுடையது. அதை ஒட்டினாற்போல அவருடைய பார்லி முற்றி நின்றது. தொட்டால் சலசலக்கும். ஐவின் அதிகம் பேசாதவர். அவர் வாயிலிருந்து வரும் அதிகபட்சப் பாராட்டு “மோசமில்ல” என்பதுதான். ஜூலை முதல் ஞாயிறு அவர் ஒரு கதிரைப் பிடுங்கி, உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, “காய்ஞ்சிருக்கு” என்றார். அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

அன்றே தோர்பென் எழுந்து நின்று, எரிபொருள் ஹெலிகாப்டர்களை இனி நிரந்தரமாகத் தடை செய்யலாம் என்றான். “கேன் கேனா மெத்தனால் எரிபொருளை வெச்சுக்கிட்டு, கொதிக்கிற சைலன்சரைக் கொண்டுபோய் காய்ஞ்ச புல்லுல வெக்கிறோம். என்னுதுல எண்ணெய் இல்ல, தீ இல்ல. பூட்டைப் போட்டா பொணம் மாதிரி கிடக்கும். இதுக்கு மேல என்ன பாதுகாப்பு வேணும்?” பூட்டு என்பது ரிமோட்டில் உள்ள ஒரு சுவிட்ச். அதைப் போட்டுவிட்டால் ரிமோட்டில் வேறு எதைத் தொட்டாலும் இறக்கை சுற்றாது.

வீபெகெயின் முகம் சிவந்தது. தடை வந்தால் அவள் கதை முடிந்தது. எரிபொருள் எஞ்சினை அனுமதிக்கும் அடுத்த மைதானம் ஃபியோர்டு என்கிற கடற்கழிக்கு அந்தப் பக்கம், ஒன்றரை மணி நேரப் பயணம். காலை ஆராதனைக்கும் மாலை ஆராதனைக்கும் நடுவில் போய்த் திரும்ப முடியாது. “அப்ப பேட்டரி வண்டியையும் தடை பண்ணு! ரெண்டையும் தடை பண்ணு! எல்லாரும் பட்டம் விடலாம்!” என்று கத்தினாள்.

கத்தியிருக்கக் கூடாது. காப்பி அலமாரிக் கதவின் உட்புறம் கிளப்பின் பழைய விதி ஒன்று பெயின்ட்டில் எழுதியிருக்கிறது. ஒன்றைத் தடை செய்யக் கேட்பவர் முதலில் அதை ஒரு நாள் ஓட்டிக் காட்ட வேண்டும். இயந்திரமில்லாத விமானங்களை யாரோ தடை செய்யச் சொன்ன காலத்தில் வந்த விதி. கேட்ட ஆள் ஒரு நாள் ஓட்டிவிட்டு, மறுவாரமே சொந்தமாக ஒன்று வாங்கிவிட்டார். ஐவின் எழுந்து போய் அலமாரிக் கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

ஆக, அடுத்த ஞாயிறு தோர்பென் வீபெகெயின் எஞ்சினை ஓட்ட வேண்டும். வீபெகெ தோர்பெனின் பேட்டரி வண்டியை ஓட்ட வேண்டும். பிறகு ஓட்டெடுப்பு.

அந்த ஞாயிறு கடைசிப் பாட்டு எப்படி ஓடியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பதினொன்றே முக்காலுக்கெல்லாம் வீபெகெ மைதானத்தில் நின்றாள். கிளப்பே திரண்டிருந்தது. மடக்கு நாற்காலிகள், ரை தானிய ரொட்டி, காப்பிக் குடுவைகள். இருவரும் ரிமோட்டை மாற்றிக்கொண்டார்கள்.

“இங்க பாரு, என்னுதுல பூட்டு பின்பக்கம். முன்னால தள்ளினா திறந்துக்கும். உன்னுதுக்குத் தலைகீழ். மறந்துடாதே” என்றான் தோர்பென்.

“பின்னால இழுத்தா பூட்டு, முன்னால தள்ளினா ஓட்டம். நான் என்ன குழந்தையா?”

“ஸ்டார்ட்டரை எவ்வளவு நேரம் அழுத்தணும்?”

“பாட ஆரம்பிக்கிற வரைக்கும். பாட ஆரம்பிச்சதும் தலையைப் பிடிச்சுக்கோ, கையை எடுக்காதே. கிளட்ச் இருக்கு, பயப்படாம பிடி.”

தலை என்றால் இறக்கைகள் இரண்டும் சேருகிற நடுமுனை. எரிபொருள்காரர்கள் நிறுத்துமிடத்து மேசை அருகிலேயே எஞ்சினைக் கிளப்பி, இடது கையால் தலையை இறுகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு, வலது கையில் ரிமோட்டோடு பறக்கும் இடத்துக்கு நடப்பார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். அது மெதுவாக ஓடுகிற மட்டும் கிளட்ச் அதன் சுழற்சியை இறக்கைக்குக் கடத்தாது. அந்த நாற்பதடி நடையில் வீபெகெக்கு ஒரு வழக்கம் உண்டு. பத்தடிக்கு ஒருமுறை ஆள்காட்டி விரலால் பூட்டை முன்னால் தள்ளிப் பார்த்துக்கொள்வாள், பூட்டித்தான் இருக்கிறதா என்று. இத்தனை வருடமாக அவள் விரல்களைக் காப்பாற்றி வந்த வழக்கம் அது.

தோர்பென் ஸ்டார்ட்டரை அழுத்தினான். எஞ்சின் இருமி, துப்பி, பாட ஆரம்பித்தது. எல்லாத் தலைகளும் அவன் பக்கம் திரும்பின. கறை படியாத சட்டையோடு, முகத்தைச் சுளித்துக்கொண்டு அவன் புகைக்குள் நின்ற கோலத்தைப் பார்க்கத்தானே வந்திருந்தார்கள்! அதே நேரத்தில் வீபெகெ மேசைமேல் பேட்டரியைச் செருகினாள். மேசையருகில் உயிர் கொடுத்துத் தூக்கிக்கொண்டு நடப்பதுதானே முறை? இடது கையால் தலையைப் பிடித்தாள், வலது கையில் ரிமோட். நடந்தாள். பேட்டரி வண்டி கையில் சவம் போலத் தொங்கியது. சத்தமில்லை, சூடில்லை. பத்தடி. ஆள்காட்டி விரல் தன் வேலையைச் செய்தது. முன்னால் தள்ளியது.

அவளுடைய மூளைக்குத் தெரிந்திருந்தது, விரலுக்குத் தெரியவில்லை.

முதலில் ஒரு முனகல். பின்னால் எஞ்சின் அலறிய அலறலில் அது காதில் விழவில்லை. இருபத்தாறு வருடம் பழகிய காது அன்றைக்கு உதவவில்லை. பிறகு கையில் ஒரு அசைவு, தூங்குகிற பூனை புரண்டு படுப்பது போல. அவள் இறக்கைத் தலையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். தலை திரும்பவில்லை, அதனால் உடல் திரும்பியது! ஹெலிகாப்டரின் நீண்ட வால் மெல்ல அரைவட்டம் போட்டு அவள் இடுப்பை நோக்கி வந்தது, நுனியில் சின்ன இறக்கை ஜிவ்வென்று சுழன்றபடி. இவளுடைய விரல் பயத்தில் பூட்டை இன்னும் அழுத்தி முன்னால் தள்ளியது. கம்பளிச் சட்டையில் ‘சர்ர்’ என்று ஒரு சத்தம். அப்போதுதான் மூளையிலிருந்து விரலுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது. பின்னால் இழுத்தாள்.

நின்றது.

எல்லாம் நாலு நொடி. யாரும் பார்க்கவில்லை. வீபெகெ குனிந்து ஹெலிகாப்டரைக் கீழே வைத்தாள், பேட்டரியைப் பிடுங்கினாள், சுண்டுவிரலிலிருந்து ஆரம்பித்தாள். பத்தும் இருந்தன. ஆனால் “எல்லாரும் வந்தாச்சு” என்று சொல்ல வாய் வரவில்லை. சட்டையின் பக்கப் பை ஒரு விரற்கடை நீளத்துக்குக் கத்தியால் கீறியது போலப் பிளந்திருந்தது. ஆரஞ்சு மேற்சட்டையை இழுத்து அதன்மேல் விட்டுக்கொண்டாள்.

“என்ன, பறக்கலயா?” என்று யாரோ கேட்டார்கள்.

“காத்து அடிக்குது. அப்புறம் பாக்கலாம்” என்றாள். புல் அசையவே இல்லை.

தோர்பென் பறந்துகொண்டிருந்தான். முதல் இரண்டு நிமிடம் இஸ்திரி போட்ட மாதிரி விறைத்து நின்றவன், மூன்றாவது நிமிடம் ஹெலிகாப்டரை ஒருமுறை குட்டிக்கரணம் போட வைத்தான். எஞ்சின் உயரத்தில் மூச்சு வாங்கி, கீழே வரும்போது கர்ஜித்தது. “வயித்துல உதைக்குதே! வயித்துலயே உதைக்குதுப்பா!” என்று கூவினான். அவன் சிரித்த சிரிப்பில் நாற்காலிக்காரர்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள். ஐவின் “மோசமில்ல” என்றார். இவன் தடைக்கு இனி ஓட்டுப் போடமாட்டான் என்று பின்வரிசையில் ஒருவர் கிசுகிசுத்தார். வீபெகெ காதிலும் அது விழுந்தது. அவளுக்கு அப்போது சந்தோஷப்படவும் தெம்பில்லை.

எரிபொருள் தீர்ந்து எஞ்சின் நின்றது. தோர்பென் அழகாக இறக்கிவிட்டான். இன்னொரு தடவை ஓட்ட ஆசை. எரிபொருள் நிரப்ப நிறுத்துமிடத்துக் கல்பலகைக்குக் கொண்டுவர வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. அவனுடைய வண்டிக்கு அந்த அவசியமே கிடையாது. இறங்கிய இடத்திலேயே, பார்லியிலிருந்து நாலடி தூரத்தில், புல்மேல் வைத்தே தொட்டியை நிரப்பினான். ஸ்டார்ட்டரை அழுத்தினான். கிளம்பவில்லை. மறுபடி அழுத்தினான். எஞ்சினுக்குள் எரிபொருள் நிரம்பி, சைலன்சர் வழியாகப் புல்லில் சொட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவது முறை எஞ்சின் பட்டாசு போல ஒருமுறை வெடித்து அடங்கியது.

“அடம் பிடிக்குது” என்று சிரித்தான். மறுபடி குனிந்தான்.

வீபெகெ பார்த்தாள். புல்லுக்கு மேலே காற்று நெளிந்தது, சூடான ரொட்டிக் கல்லுக்கு மேலே நெளிவது போல. தீ தெரியவில்லை, புகை தெரியவில்லை. வெயிலில் மெத்தனால் எரிந்தால் கண்ணுக்கே தெரியாது. புல்நுனிகள் மட்டும் ஒவ்வொன்றாகக் கருத்துச் சுருண்டன.

“கையை எடு! தோர்பென், கையை எடு! எரியுது!”

“எங்க எரியுது? ஒண்ணும் காணோமே!”

“காணாது! கையை எடுடா!”

அதற்குள் அவள் ஓடிக்கொண்டிருந்தாள். மெல்லிய காலணியில் கல் குத்தியதெல்லாம் தெரியவில்லை. ஆரஞ்சு மேற்சட்டையைப் பிய்த்து எறிந்தாள், கம்பளிச் சட்டையைக் கழற்றி வாளியில் முக்கினாள், நீர் சொட்டச் சொட்ட அதை அந்த நெளிகிற காற்றின்மேல் போட்டு முழங்காலால் அழுத்தினாள். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. மிச்சத் தண்ணீரை வாளியோடு பார்லிப் பக்கம் கவிழ்த்தாள். ஐவின் இரண்டாவது வாளியோடு ஓடிவந்தார். அவர் ஓடி அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை.

எல்லாம் அடங்கியதும் சாப்பாட்டு மேசை அகலத்துக்குப் புல் கருகியிருந்தது. கருப்பின் ஓரம் பார்லிக்கு ஓரடி முன்னால் நின்றுவிட்டது. தோர்பென் தன் வலது கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மணிக்கட்டு முடிகள் பொசுங்கியிருந்தன, அவ்வளவுதான்.

“உன் மிஷின் சொல்லிட்டுத்தான் வரும்னியே” என்றான் மெதுவாக. குத்திக்காட்டும் தெம்பு அதில் இல்லை.

வீபெகெ ஈரச் சட்டையைத் தூக்கி உதறினாள். கிழிந்த பை எல்லார் கண்ணிலும் பட்டது. பொசுங்கிய கம்பளிக்கு நடுவே அந்தக் கோடு மட்டும் நேராக, சுத்தமாக இருந்தது. தோர்பெனுக்கு அந்த மாதிரி வெட்டு பழக்கம். எழுந்து வந்து பைக்குள் விரலை விட்டுப் பார்த்தான்.

“இது நெருப்பு இல்ல. இது வால் இறக்கை. என்னுதா?”

“ம்.”

“எப்ப?”

பொய் சொல்ல நல்ல வாய்ப்பு. பேட்டரி வண்டி தானாக முழித்துக்கொண்டது என்று சொன்னால் கிளப்பே நம்பும். பதினைந்து வருடமாக அதைத்தானே சொல்லி வந்திருக்கிறாள்! அவளுடைய எஞ்சின் இப்போது வைத்த தீயையும் அந்த ஒரு பொய் ஈடு கட்டிவிடும்.

“நீ என் எஞ்சினைக் கிளப்புறப்போ. மேசையிலயே பேட்டரியைச் செருகிட்டேன், எங்க வழக்கப்படி. நடக்கிறப்போ பூட்டைச் சரிபாக்கறேன்னு முன்னால தள்ளிட்டேன், அதுவும் என் வழக்கப்படி. உன் வண்டி ஒரு தப்பும் பண்ணல. முனகிச்சு. என் எஞ்சின் போட்ட கூச்சல்ல எனக்குக் கேக்கல.” சொல்லி முடித்துவிட்டு, “காத்தும் அடிக்கல. அதுவும் பொய்” என்று சேர்த்துக்கொண்டாள்.

தோர்பென் தலையைச் சொறிந்தான். “மேசையில செருகாதேன்னு நான் சொல்லவே இல்லயே. அது சொல்ல வேண்டிய விஷயம்னே தோணல. எவனாவது மேசையில செருகுவானா?”

“எவனாவது புல்லுல வெச்சு நிரப்புவானா? நானும்தான் சொல்லல.”

முதலில் யார் சிரித்தது என்று தெரியாது. நடுக்கம் கலந்த சிரிப்பு. ஒருவர் காப்பி ஊற்றினார். சிரிப்பில் பாதி மேசையில் போயிற்று.

“ஓட்டெடுப்பு?” என்றார் ஐவின்.

“இவ இன்னும் ஓட்டலயே. விதி இருக்கு” என்றான் தோர்பென்.

வீபெகெ எழுந்தாள். பேட்டரியை இடது பையில் போட்டுக்கொள்ளப் போனாள். பைதான் இல்லையே! கையில் பிடித்துக்கொண்டாள். வண்டியை வெறும் வண்டியாகத் தூக்கி நாற்பதடி நடந்து, பறக்கும் இடத்து வெள்ளைக் கோட்டுக்கு அப்பால் வைத்தாள். மண்டியிட்டாள். “பின்னால இழுத்தா பூட்டு” என்று வாய்விட்டுச் சொல்லி, இழுத்து, பிறகுதான் செருகினாள். பின்னாலேயே நடந்து இருபதடி விலகி வந்து, மூச்சை இழுத்து, பூட்டைத் திறந்தாள்.

எழும்பியது. இரைச்சலே இல்லாமல் எழும்பியது! இறக்கைகள் காற்றை அறுக்கும் ஓசை மட்டும், ஆர்கனின் பெரிய குழாயில் முதல் மூச்சு நுழைவது போல. வீபெகெ கண்ணை மூடப் போனவள், பறப்பது ஞாபகம் வந்து திறந்துகொண்டாள். இடது பக்கம் சாய்த்தாள், வலது பக்கம் வளைத்தாள், நேரே மேலே அனுப்பி மல்லாக்கப் போட்டாள். முகம் பூராவும் பல்.

“பாடுதுப்பா! இதுவும் பாடுது! சின்னக் குரல், ஆனா பாடுது! தோர்பென், கேக்குதா? இப்ப இறங்குது பாரு, அரைச் சுருதி இறங்கிடுச்சு, பேட்டரி களைச்சுப் போச்சு!”

தோர்பென் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பேட்டரி தீருகிற மணி அடிக்க இன்னும் இருபது நொடி இருந்தது. “ஆமா” என்றான், வாயைப் பிளந்துகொண்டு. “ஆமா, களைச்சுப் போச்சு. எனக்கு இத்தனை வருஷமா கேக்கவே இல்லயே!”

இறக்கினாள். பூட்டைப் பின்னால் இழுத்தாள். இறக்கை நிற்கும்வரை தன் ஊதலைத் தானே வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். போய்ப் பேட்டரியைப் பிடுங்கினாள். பிறகு விரல்கள்.

“எல்லாரும் வந்தாச்சு!”

இந்தத் தடவை நாற்காலிகளிலிருந்து கைதட்டல் வந்தது.

ஓட்டெடுப்பு நடக்கவில்லை. தோர்பென் தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டான். வீபெகெயும் தன்னுடையதை வாபஸ் வாங்கினாள். அதோடு யாரும் கேட்காமலே, அறுவடை முடிகிறவரை தன் எஞ்சினைக் கிளப்புவதில்லை என்றாள். ஐவின் கதிரை இன்னொரு தடவை கசக்கிப் பார்த்து, “ரெண்டு வாரம்” என்றார். “மூணாவது வாரம் அறுத்த அடித்தாள்தான் நிக்கும். சத்தமா கிளப்பு, எனக்கும் கேக்கட்டும்.” அவ்வளவு நீளமாக அவர் பேசி யாரும் கேட்டதில்லை. தோர்பென் ரிமோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, தன் பூட்டின் திசையை வீபெகெயுடையது போல மாற்ற ஆரம்பித்தான். பக்கத்து மேசையில் வீபெகெ தன்னுடையதைப் பிரித்து, தோர்பெனுடையது போல மாற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் அது தெரிய ஐந்து நிமிடம் ஆயிற்று. பிறகு யார் மாற்றுவது என்று சண்டை.

நாலு மணிக்கு எல்லாரும் நாற்காலிகளை மடக்கினார்கள். குன்றின்மேல் தேவாலயத்தில் மாலை ஆராதனைக்கான முதல் மணி அடித்தது. அந்த மணிக்கு வீபெகெயின் கார் எப்போதும் பாதி வழியில் இருக்கும். அன்றைக்கு அவள் கருகிய புல்லுக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருந்தாள். கண்ணுக்குத் தெரியாத தீயைக் கண்ணால் தேடுவதில் பயனில்லை. இரண்டு கைகளையும் நீட்டி, சுண்டுவிரலிலிருந்து தொடங்கிப் பத்து விரல்களையும் ஒவ்வொன்றாகக் கருப்பின்மேல் வைத்தாள், ஆர்கன் கட்டைகளின்மேல் கடைசி நாதத்துக்கு வைப்பது போல. மணி ஓய்ந்தது. தோர்பென் காரிலிருந்து ஹாரன் அடித்தான். தரை எங்கும் குளிர்ந்துவிட்டது என்று பத்து விரலுக்கும் தெரிகிறவரை அவள் ஒரு விரலையும் எடுக்கவில்லை.